மூன்றாம் ஷெட்டுக்கு அனுமதி இல்லை

மார்ச் 4

இது தீவனக் கம்பெனிக்காரர் கொடுத்த டைரி. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு கோழி நிற்கிறது. "பெங்களூரு வேலை போனதிலருந்து உங்களுக்குள்ளயே பேசிக்கறீங்க. அதை எழுதித் தொலைச்சா எனக்காவது நிம்மதி" என்று சொல்லி சுகந்தி இதை மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

வேலை போகவில்லை. கம்பெனி ஆட்களைக் குறைத்தது. குறைத்ததில் நானும் இருந்தேன். இரண்டும் வேறு வேறு.

இப்போது தற்காலிகமாக மாமனாரின் முட்டைக்கோழிப் பண்ணையில் இருக்கிறேன். நாமக்கல்லிலிருந்து பதினோரு கிலோமீட்டர். தற்காலிகம் என்றால் பதினாலு மாதம். சும்மா இருக்கவில்லை. ஷெட்டுகளில் உள்ள ஃபேன், லைட், பனிபோல் தண்ணீர் தெளிக்கும் ஃபாகர் எல்லாவற்றையும் செல்போனிலிருந்து இயக்கும்படி ஒரு வெப் ஏபிஐ எழுதிக் கொடுத்திருக்கிறேன். செல்போனில் தொட்டால் "மூன்றாம் ஷெட், ஃபேன், ஓடு" என்று ஒரு வரி இணையத்தில் வரும். என் நிரல் அதை வாங்கி ஷெட்டில் உள்ள பெட்டிக்குச் சொல்லும். அவ்வளவுதான். கேட்பது யார் என்று மட்டும் அது விசாரிக்காது. அப்போது அவசரம். பிறகு மறந்துவிட்டது.

வரும் கட்டளைகளை எல்லாம் நிரல் குறித்துவைக்கும் பதிவேட்டை இன்று புரட்டினேன். பிப்ரவரியில் மட்டும் ஐம்பத்திரண்டு கட்டளைகள் நம் வீட்டு செல்போன்கள் எதிலிருந்தும் வராதவை. எல்லாமே மூன்றாம் ஷெட்டுக்கு, எல்லாமே மதியம் இரண்டுக்கும் ஐந்துக்கும் நடுவில்.

மாமாவிடம் சொன்னேன். "எவனோ ஒருத்தன் நம்ம கோழிக்கு விசிறி விடறானுங்களா மாப்ள?" என்று கேட்டார்.

"ஆமாங்க மாமா. அனுமதி இல்லாம."

அவர் சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பண்ணையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அது அவர் தம்பி குழந்தைவேல் சித்தப்பாவுடையது. இருவரும் பேசி ஆறு வருடம் ஆகிறது. மூன்றாம் ஷெட்டைக் கட்டிப் பால் காய்ச்சிய அன்றைக்கு, வந்த ஒறம்பரை, சொந்தக்காரர்கள் எல்லோர் முன்னாலும் சித்தப்பா, "ஏண்ணா, ஷெட்டைத் திசை மாத்திக் கட்டிப்போட்டியே, மேக்கு வெயில் பூரா உள்ள வருமே" என்று கேட்டிருக்கிறார். கேட்டது உண்மையாகவும் இருந்துவிட்டது. அதற்குப் பிறகு எப்படிப் பேசுவது?

"பூட்டிப்போடுங்க மாப்ள" என்றார் மாமா.

மார்ச் 5

பூட்டுக்கு முறையான பெயர் அங்கீகாரம். ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர், ஒரு பாஸ்வேர்டு. சரியாகச் சொன்னால் நிரல் ஒரு டோக்கன் தரும். அந்த டோக்கனைக் காட்டினால்தான் ஃபேன் சுற்றும்.

சுகந்தியிடம் விளக்கினேன்.

"எதுக்குங்க பூட்டு? யாரோ காத்துதான போடறாங்க. கோழியவா தூக்கிட்டுப் போறாங்க?"

கொள்கை என்று ஒன்று இருக்கிறது என்றேன். மதியம் ரசத்தில் உப்பே இல்லை. அவளுக்குத் தலைவலி போலிருக்கிறது.

மார்ச் 8

பாஸ்வேர்டு விதிகள்: எட்டு எழுத்துக்குக் குறையக் கூடாது. ஒரு பெரிய எழுத்து, ஒரு எண், ஒரு குறி வேண்டும்.

"தமிழ்ல ஏதுங்க பெரிய எழுத்து?" என்று மாமா கேட்டார். இந்தக் கேள்வி எந்தப் பாடத்திலும் வரவில்லை. ஆங்கிலத்தில் வைக்கச் சொன்னேன். வைத்தார். மறந்தார்.

"என்ன வச்சேனுங்க மாப்ள?"

"எனக்குத் தெரியாதுங்க மாமா."

"நீங்கதான செஞ்சீங்க?"

பாஸ்வேர்டை அப்படியே சேமிக்கக் கூடாது, அரைத்துத்தான் வைக்க வேண்டும் என்றேன். தீவன ரூமுக்குக் கூட்டிப்போய் மக்காச்சோள மாவைக் காட்டினேன். இந்த மாவிலிருந்து கதிரைத் திரும்ப எடுக்க முடியுமா? முடியாது. ஆனால் அதே கதிரை மறுபடி அரைத்தால் அதே மாவு வரும். இரண்டு மாவும் ஒன்றா என்று மட்டும் நிரல் பார்க்கும்.

மாமா மாவைக் கையில் அள்ளிப் பார்த்தார். "கெரகம், இதுல கல்லு கெடக்குது" என்று தீவனக்காரருக்கு போன் போடப் போய்விட்டார்.

முட்டை எடுக்கும் பாப்பாயி அக்காவுக்கும் ஒரு கணக்கு போட்டுக் கொடுத்தேன். அவருக்கு லைட் மட்டும். தேவைக்கு மேல் யாருக்கும் அதிகாரம் தரக் கூடாது என்பது பாதுகாப்பின் முதல் பாடம். "லைட்டுக்கு எதுக்குங்க கண்ணு அதிகாரம்?" என்று அவர் கேட்டார். எளிய மனிதர்.

மார்ச் 9

இன்று பாஸ்வேர்டை மறந்தவர்கள் மூன்று பேர். மூன்றாவது ஆள் யார் என்பது இங்கே தேவையில்லை.

மார்ச் 11

பூட்டு போட்டாயிற்று. மதியம் இரண்டு மணியிலிருந்து அந்த அந்நிய செல்போனுக்குப் பதினேழு முறை "அனுமதி இல்லை" என்று பதில் போயிருக்கிறது. பதினேழு! ஒவ்வொன்றையும் மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

ஒரே ஒரு குறை. டோக்கன் ஒரு மணி நேரம்தான் செல்லும், பிறகு மறுபடி நுழைய வேண்டும் என்றதும் மாமா நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"மணிக்கொருக்கா நான் யாருன்னு சொல்லோணுமா? எம்பட பண்ணையிலயா?"

ஆமாம் என்றேன். பாதுகாப்பு ஆள் பார்ப்பதில்லை.

மார்ச் 13

தாக்குதல் தொடங்கிவிட்டது.

தவறான பெயர் கொடுத்து நுழையப் பார்த்தால் அந்தப் பெயர் பதிவேட்டில் விழும். இன்று மதியம் 2.10க்கு, பெயர் எழுத வேண்டிய கட்டத்தில் எழுதியிருந்தது இது:

யாருங்கபூட்டுனது

2.14க்கு:

மூணாநம்பர்லகாத்தேஇல்லீங்க

ஆயிரக்கணக்கில் பெயர்களை மாற்றி மாற்றிப் போட்டு உடைக்கப் பார்க்கும் கும்பல்கள் உண்டு. அவர்கள் இப்போது கொங்குத் தமிழிலும் இறங்கிவிட்டார்கள் என்பது தெரிகிறது. ஐந்து முறை தவறாகப் போட்டால் கால் மணி நேரம் கதவு திறக்காது என்று ஒரு விதி சேர்த்தேன்.

மார்ச் 14

கும்பல் அந்த ஐந்து முறையையும் சிக்கனமாகப் பயன்படுத்துகிறது.

மேக்கால
வெயில்ஏறுது
நாலுமணிக்குள்ள
ஃபேன்போடுங்க
மாப்ள

தாக்குதல்காரர் என்னை மாப்ள என்கிறார். இந்த மாவட்டத்தில் யாரும் யாரையும் அப்படிக் கூப்பிடுவார்கள். இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

மூன்றரைக்கு மூன்றாம் ஷெட்டில் ஃபேன் போட்டேன். அந்தச் செய்திக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. எனக்கே தோன்றியது.

மார்ச் 18

மூன்றாம் ஷெட்டில் முட்டை குறைகிறது என்று பாப்பாயி அக்கா சொன்னார். போன மாதத்தைவிடத் தினமும் ஏழெட்டு அட்டை குறைவு, அட்டைக்கு முப்பது முட்டை. ஓடும் மெல்லிசாக இருக்கிறதாம், எடுக்கும்போதே கையில் உடைகிறதாம்.

"ஃபேன் நேரத்துக்கு ஓடறதில்லைங்க கண்ணு. முன்ன யாரோ போட்டுக்கிட்டிருந்தாங்க, இப்ப காணோம்."

ஃபேனுக்கு நேரம் குறித்து ஓர் அட்டவணை போட்டுக் கொடுத்தேன். எல்லா ஷெட்டுக்கும் ஒரே நேரம். சமத்துவம்.

மார்ச் 19

ஒரேநேரமா
மூணுநம்பருக்கு
தனிநேரமுங்க
உங்கமாமன்
சொல்லலீங்களா

சுகந்தி வந்து, "இன்னிக்கு என்ன வந்துச்சு?" என்று கேட்டாள். இப்போதெல்லாம் தினமும் கேட்கிறாள். என் வேலையில் அவளுக்கு ஆர்வம் வந்திருப்பது மகிழ்ச்சி. வாசித்துக் காட்டினேன். சிரித்தாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம் அரிந்துகொண்டிருந்திருக்கிறாள் போல. கையில் வெங்காயம் இல்லை.

மார்ச் 22

தாக்குதல்காரரை அடையாளம் காண ஒரு தந்திரம் செய்தேன். "அனுமதி இல்லை" என்ற பதிலை "அனுமதி இல்லை. நீங்கள் யார்?" என்று மாற்றினேன்.

2.31க்கு வந்த பதில்:

உங்கூட்டுக்காரிகிட்டகேளுங்க

கேட்கவில்லை. அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அலுவலக விஷயத்தை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது.

மார்ச் 24

மாமாவிடம் பதிவேட்டை மறைப்பது முறையல்ல என்று முழுவதையும் அச்செடுத்துக் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மாலையில் வந்து நின்றார்.

"மாப்ள, அந்த அனுமதி இல்லைங்கற எடத்துல வேற எழுதலாமுங்களா?"

"எழுதலாமுங்க மாமா."

"எழுதுங்க. ஷெட்டு சரியான தெசையிலதான் இருக்குது."

மார்ச் 25

எங்கள் ஏபிஐ இன்று அனுப்பிய பிழைச் செய்தி: "அனுமதி இல்லை. ஷெட்டு சரியான திசையில்தான் இருக்கிறது."

வந்த பதில்:

சூரியன்கிட்டசொல்லு

பன்னிரண்டு வருட அனுபவத்தில் இப்படி ஒரு பிழைச் செய்தியை நான் எழுதியதில்லை. மாமா என் பின்னாலேயே நின்று, "அதுக்கு இப்பிடிப் போடுங்க" என்று அடுத்ததைச் சொன்னார். அதற்குப் பதில் வந்தது. அதற்கும் ஒன்று போட்டோம். ஐந்து மணிக்கு மாமி காபி கொண்டுவந்து வைத்து, அது ஆறிப்போனது.

மார்ச் 26

"இன்னைக்கு ஒண்ணும் வரலீங்களா மாப்ள?" என்று மாமா காலை பத்து மணிக்கே கேட்டார். அவன் ரெண்டு மணிக்கு மேல்தான் வருவான் என்றேன். "அவன்" என்று எழுதியிருக்கிறேன். தாக்குதல்காரர் என்று படிக்கவும்.

மார்ச் 29

பாதுகாப்பை முழுமையாக்கினேன். ஷெட்டுக்கு வெளியே கையால் போடும் ஸ்விட்ச் பெட்டி ஒன்று திறந்தே கிடந்தது. யார் வேண்டுமானாலும் போடலாம்! பூட்டி, சாவியை மாமாவிடம் கொடுத்தேன். இடுப்புக் கயிற்றில் கட்டிக்கொண்டார். மாமா மறக்காமலிருக்க அவருடைய பாஸ்வேர்டை முதல் ஷெட் சுவரில் சாக்பீஸால் பெரிதாக எழுதி வைத்திருந்தார் பாப்பாயி அக்கா. அதன் மேல் நானே சுண்ணாம்பு அடித்தேன்.

இனி ஓட்டை என்று எதுவும் இல்லை.

ஏப்ரல் 10

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் மாமா, மாமி, சுகந்தி எல்லோரும் திருச்செங்கோட்டுக்கு ஒரு வளைகாப்புக்குப் போய்விட்டார்கள். பண்ணையில் நானும் பாப்பாயி அக்காவும்தான். பன்னிரண்டு மணிக்கே நாற்பது டிகிரி. என் அட்டவணைப்படி ஃபேன் மூன்று மணிக்குத்தான் ஓடும். ஒன்றே முக்காலுக்கு அக்கா ஓடி வந்தார்.

"கண்ணு, மூணாம் ஷெட்டுல கோழியெல்லாம் வாயத் தொறந்துக்கிட்டு ரெக்கைய விரிச்சு நிக்குது. ஃபாகரைப் போடுங்க, சீக்கிரம்!"

செல்போனை எடுத்தேன். டோக்கன் காலாவதி. நுழையச் சொன்னது. பாஸ்வேர்டைப் போட்டேன். தவறு. கடைசியில் ஆச்சரியக்குறியா, நட்சத்திரமா? போன வாரம்தான் மாற்றியிருந்தேன், முப்பது நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பதும் என் விதிதான். ஐந்து முறை போட்டேன். "கால் மணி நேரம் கழித்து முயலவும்" என்று வந்தது. கீழே இன்னொரு வரி: "உன் வேலையைப் பார்." அது நேற்று மாமா எழுதச் சொன்னது.

மடிக்கணினியில் நேரே நிரலுக்குள் போய்ச் சரிசெய்யலாம் என்று பார்த்தால் அதைச் சுகந்தி காரில் இருந்து இறக்கவே இல்லை. அது திருச்செங்கோட்டில் இருந்தது.

மாமாவுக்கு போன் போட்டேன். எடுக்கவில்லை. சுகந்தி எடுத்தாள், நாதஸ்வரம் மட்டும்தான் கேட்டது. சாவி மாமா இடுப்பில். சுவரில் சுண்ணாம்பு.

"அக்கா, உங்க போன்ல பாருங்க!"

"எனக்கு லைட்டுத்தானுங்களே வரும். போடட்டுங்களா?" என்று அவர் பாவமாகக் கேட்டார். போட்டும் விட்டார். நடு மதியத்தில் மூன்றாம் ஷெட் முழுக்க லைட் எரிந்தது. கோழிகள் இன்னும் மோசமாக மூச்சு வாங்கின. ஐயாயிரம் கோழி. மூலையில் இரண்டு கழுத்தைத் தொங்கப்போட்டுவிட்டன.

நான் ஸ்விட்ச் பெட்டியைக் கையால் இழுத்துப் பார்த்தேன். நல்ல பூட்டு. நான் வாங்கியது.

அப்போதுதான் சாலைப் பக்கச் சுவரின் மேல் ஒரு கால் தெரிந்தது. பிறகு லுங்கி, பிறகு சுத்தியல், பிறகு குழந்தைவேல் சித்தப்பா முழுதாக. வயது அறுபதை நெருங்குகிறது. இறங்கும்போது முள்ளில் விழுந்து எழுந்தார்.

"தள்ளுங்க மாப்ள!"

இரண்டே அடி. பூட்டு தெறித்து விழுந்தது. ஃபேன் சுற்றியது, ஃபாகர் சீறியது. அவர் நிற்கவில்லை.

"இது பத்தாது. சாக்கை நனைச்சு மேக்கால தொங்கவிடோணும். வாங்க உள்ள!"

கோழிகளுக்கும் எனக்கும் நடுவில் எப்போதும் மரியாதையான ஒரு தூரம் உண்டு. பதினைந்து மாதத்தில் நான் ஷெட்டுக்குள் கால் வைத்தது இரண்டு முறை, இரண்டும் ஷூ போட்டுக்கொண்டு. இன்று வெறுங்காலோடு போனேன். ஈரச் சாக்கு என்ன கனம் கனக்கிறது! தூக்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன், அவர் ஏணியில் நின்று கட்டிக்கொண்டே போனார், பாப்பாயி அக்கா தண்ணீர்த் தொட்டியில் ஐஸ்கட்டியைப் போட்டார். ஒரு கோழி என் காதைக் கொத்தியது. பரவாயில்லை, உயிரோடு இருந்து கொத்தியது.

நான்கு மணிக்குக் கார் வந்து நின்றது. எப்படியோ செய்தி தெரிந்து, பந்தியில் உட்காராமல் வந்திருக்கிறார்கள். மாமா பட்டு வேட்டியோடு ஷெட் வாசலில் வந்து நின்றார். ஏணியில் தம்பி, தலையிலிருந்து கால்வரை நனைந்து. கீழே உடைந்த பூட்டு.

மாமா பூட்டைக் காலால் ஓரமாகத் தள்ளினார்.

"சாக்கு பத்தலைன்னா தீவன ரூம்ல இருக்குது" என்றார் மாமா.

சித்தப்பா திரும்பிப் பார்க்காமல், "இன்னும் அதே மூலையிலயாண்ணா வச்சிருக்கற?" என்றார்.

"பின்ன எங்க வைக்கறது?"

மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாக்கு எடுக்கப் போனார்.

செத்தது பத்தொன்பது கோழி. ஐயாயிரத்தில் பத்தொன்பது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அந்தப் பத்தொன்பதுதான் கண்ணில் நிற்கிறது.

ஏப்ரல் 11

மாமா திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

சில மாற்றங்கள் செய்தேன். ஷெட்டில் முப்பத்தாறு டிகிரியைத் தாண்டினால் ஃபேனும் ஃபாகரும் யாரையும் கேட்காமல் தாமாக ஓடும். ஸ்விட்ச் பெட்டிக்குப் பூட்டு கிடையாது. பாப்பாயி அக்காவுக்கு எல்லா அதிகாரமும். அவர், "லைட்டே போதுமுங்க கண்ணு" என்றார், பிறகு மூன்று ஷெட்டிலும் ஃபேனை ஒவ்வொன்றாகப் போட்டு அணைத்துப் பார்த்தார்.

ஏப்ரல் 12

குழந்தைவேல் சித்தப்பாவுக்குக் கணக்கு தொடங்கினேன். மாமா பக்கத்தில் நின்றார். மூன்றாம் ஷெட், ஃபேன், ஃபாகர் என்று குறித்துக்கொண்டிருந்தேன்.

"லைட்டையும் குடுங்க மாப்ள" என்றார் மாமா.

"லைட்டு எனக்கு எதுக்கு?" என்றார் சித்தப்பா.

"வச்சுக்கோ, குடுத்தா வாங்கிப் பழகு."

சித்தப்பா போட்ட பாஸ்வேர்டுகள் எல்லாம் பலவீனமானவை என்று என் நிரல் ஐந்து முறை திருப்பி அனுப்பி, கால் மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டது. அந்தக் கால் மணி நேரமும் அண்ணனும் தம்பியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து என்னைத் திட்டினார்கள். ஆறு வருடத்தில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் இதுவாகத்தான் இருக்கும்.

ஏப்ரல் 13

மூன்றாம் ஷெட்டின் மேற்குப் பக்கத்தில் தென்னங்கீற்றால் தாழ்வாரம் இறக்குகிறார்கள். ஐந்தடி நீளம் போதும் என்கிறார் மாமா. எட்டடி என்கிறார் சித்தப்பா. காலையிலிருந்து இதே சத்தம்தான்.

நான் தள்ளி உட்கார்ந்து கால் முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். சுகந்தி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நாந்தானுங்க சித்தப்பாவுக்கு அந்த லிங்க்கைக் குடுத்தேன். போன வருசமே. ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு கோழியையே பாத்துக்கிட்டிருப்பாரு. இந்தப் பண்ணைக்கு மொதல் தடவை குஞ்சு வாங்கியாந்ததே அவருதான். மனசு கேக்கல."

"தெரியும்."

"எப்பத்துல இருந்து?"

மார்ச் 22 என்றேன். கேளுங்க என்று அவரே எழுதின அன்றைக்கு.

"அப்பறம் ஏன் என்னைக் கேக்கல?"

இந்த டைரியில் நான் சில விஷயங்களைச் சுற்றி வளைத்து எழுதியிருக்கிறேன். அவளிடம் அப்படிச் சொல்ல முடியவில்லை. கேட்டிருந்தால் பூட்டைக் கழற்ற வேண்டி வந்திருக்கும். இந்த ஒரு வருடத்தில் ஒரு மனுஷன் காலையில் எழுந்ததும் என்னிடம் வந்து, "இன்னைக்கு என்னாச்சுங்க மாப்ள?" என்று கேட்டது அந்தப் பூட்டு போட்ட பிறகுதான். அதை விட மனம் வரவில்லை. அதில் பத்தொன்பது கோழி போய்விட்டது.

இதை அப்படியே அவளிடம் சொன்னேன். அவள் என் காலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, நான் அரை மணி நேரமாகத் தேடிய முள்ளை ஒரே பிடியில் எடுத்தாள். வலித்தது. கத்தினேன்.

"முள்ளுக்கே இந்தக் கத்து" என்றாள். ஆனால் காலை விடவில்லை.

ஷெட் பக்கமிருந்து பெரிய சத்தம். மாமா ஏணியின் உச்சியில் கீற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏணியைப் பிடிக்க வேண்டிய சித்தப்பா, எட்டடி எவ்வளவு என்று காட்டுவதற்காக இரண்டு கையையும் விரித்துக்கொண்டிருந்தார். ஏணி மெதுவாகச் சாயத் தொடங்கியிருந்தது.

"மாப்ள!" என்று இருவரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

செருப்பைத் தேடாமல் ஓடினேன்.